பதினாலாவது நிமிஷம்

"இன்னும் இருபது நிமிஷம் அண்ணாச்சி" என்று ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி பெனிட்டா சொன்னதும் ஆறுக்குட்டி முக்காலியை இழுத்துப் போட்டு, தன் முலாம் பட்டறையில் உட்கார்வதைப் போலவே காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிஷமெல்லாம் அவருக்கு ஒரு நேரமா. பழைய செம்பு வாங்கப் போன இடத்தில் மூன்று மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்து, எதிராளி தானாக விலையை இறக்குகிறவரை கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர். முதலில் வாயைத் திறந்தவனெல்லாம் அவரிடம் தோற்றுத்தான் போயிருக்கிறான். இந்த மெஷினும் வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம். மேசைமேல் கண்ணாடிக் குடுவை, அதற்குள் தீப்பெட்டி அகலத்துக்கு அவர் முலாம் போட்டுக் கொடுத்த செம்புத் தகடு, அடியிலிருந்து பொடிப்பொடியாகக் கிளம்புகிற காற்றுக்குமிழ். குமிழில் இருப்பது வேறொன்றுமில்லை, லாரி விடுகிற புகையில் இருக்கிற, அவரும் பெனிட்டாவும் இந்த நிமிஷம் மூச்சில் விட்டுக்கொண்டிருக்கிற அதே கார்பன் டை ஆக்சைடு. அது தகட்டில் முட்டி, கரண்டு வாங்கி, வேறு ஏதோவாக மாறி, மெல்லிய குழாய் வழியாகப் பக்கத்து மெஷினுக்குப் போகிறது. மெஷின் திரையில் ஒரு கோடு போடுகிறது. இரண்டாம் நிமிஷம் கோடு எழும்பினால் ஹைட்ரஜன், வெறும் தண்ணீர் உடைந்து வருவது, யாருக்கும் பிரயோஜனமில்லை. ஏழாம் நிமிஷம் எழும்பினால் மீத்தேன், சாண எரிவாயு அடுப்பில் எரிகிற சமாச்சாரம். பதினாலாம் நிமிஷம் எழும்பினால் எத்திலீன், வாழைக்காய் மண்டியில் காயைப் பழுக்க வைக்கிறது, பிளாஸ்டிக் குழாய் பிளாஸ்டிக் பை எல்லாவற்றுக்கும் தாய்ச்சரக்கு. புகையிலிருந்து அதை எடுக்கத்தான் உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறது என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். மூன்று மாதம் முன்னால் அவர் தகட்டில் பதினாலாம் நிமிஷம் கோடு கோபுரமாக எழும்பியது. அந்தத் தகட்டைத் துண்டு துண்டாக நறுக்கிச் சோதித்துத் தீர்த்தாகிவிட்டது. அதே மாதிரி இன்னும் மூன்று வேண்டும், மூன்றிலும் வந்தால்தான் கட்டுரை அச்சுக்குப் போகும் என்று அவளுடைய புரொபசர் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் ஐந்து மணிவரை தவணை. காலையில் போட்ட இரண்டு தகட்டிலும் பதினாலாம் நிமிஷம் கோடு தரையோடு தரையாகப் போனது. இது மூன்றாவது.

வரும். ஏன் வராது. முப்பத்தோரு வருஷம் செம்புமுலாம் போட்ட கை. கணபதி வட்டாரத்துப் பட்டறைகளில் எந்தத் தொட்டியை வேண்டுமானாலும் காட்டுங்கள், மேலே மிதக்கிற நுரையைப் பார்த்தே மயில்துத்தம், அந்த நீலச் செம்பு உப்பு, கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்வார். எட்டாவதில் மூன்று தரம் தோற்றவர்தான். ஆனால் ஆசிட்டில் கை வெந்து, முதலாளியிடம் கன்னம் வெந்து, ஏமாந்து, ஏமாற்றப்பட்டு, கடைசியில் ஒருத்தனும் ஏமாற்ற முடியாதபடி ஆனவர். இந்தப் பெண் முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. ஐந்தே ஐந்து தகடு, அதுவும் தீப்பெட்டி அளவு, எந்தக் கடையிலும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "ரேட் எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டாள். தெற்கத்திச் சாயர்புரத்துப் பேச்சு. "எதுக்குங் அம்மிணி இது?" என்று இவர் கேட்டார். ஆராய்ச்சி, கட்டுரை, வெளிநாட்டுப் பத்திரிகை என்றாள். "அதுல யாரு பேரெல்லாம் போடுவீங்க?" "என் பேரு, எங்க புரொபசர் பேரு." "தகடு போட்டுத் தந்தவன் பேரு?" அவள் முழித்தாள். அந்த முழியில் அவர் பிடித்துக்கொண்டார். "ரேட்டே வேண்டாமுங். எம்பேரைப் போடுங்க. கடைசியிலயாச்சும் போடுங்க." இரண்டு நாள் கழித்து, புரொபசர் சரி என்றுவிட்டார் என்று போன் வந்தது. இத்தனை வருஷத்தில் பேசிய பேரங்களில் அதுதான் தலையாயது என்று அவருக்கு இப்போதும் எண்ணம். ஒரு பேரின் அருமை, அது விட்டுப்போனவனுக்குத்தானே தெரியும். மச்சான் நாச்சிமுத்து புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினான். அழைப்புப் பத்திரிகையில் அன்புடன் அழைக்கும் என்று போட்டு இருபத்திரண்டு பேர். போர்வெல் குழாய் விற்கிற ஒன்றுவிட்ட தம்பி பேர் இருக்கிறது, ஆறுக்குட்டி பேர் இல்லை. இவர் அவனுக்குக் கூடப்பிறந்தவளின் புருஷன். அஸ்திவாரத்துக்கு நின்றவன். இடம் பத்தலீங் மாமா என்றான். இடம் பத்தாத பத்திரிகையில் மயில் படம் எதற்கடா, தோகையோடு. சரி, அதை விடு. இப்போது அதை ஏன் நினைக்க வேண்டும். திரையில் இரண்டாம் நிமிஷம், கோடு கொஞ்சம் துள்ளி இறங்கியது. ஹைட்ரஜன். அது கிடக்கட்டும், அது எந்தத் தகட்டிலும் கொஞ்சம் வரும்.

செம்பைப் பற்றி இந்தப் பெண் சொன்னதில் ஒன்று மட்டும் அவருக்குக் கேட்டவுடன் பிடிபட்டது, அவருக்கே தெரிந்த விஷயம் போல. புகை வந்து உலோகத்தில் ஒட்டும், ஒரு ஆக்சிஜனை விட்டு மோனாக்சைடு ஆகும், அதுவரைக்கும் எல்லா உலோகத்திலும் ஒரே பாதைதான். அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது. தங்கம், வெள்ளியிடம் போனால் அவை பிடிக்கவே பிடிக்காது, வந்த வேகத்தில் விட்டுவிடும். நிக்கல், பிளாட்டினத்திடம் போனால் கழுத்தைப் பிடித்தமாதிரி பிடித்துக்கொள்ளும், அசைய விடாது, வேலையும் நடக்காது. செம்பு மட்டும்தான் விட்டும் விடாமல் பிடிக்கும். அப்படிப் பிடித்தால்தான் பக்கத்தில் ஒட்டியிருக்கிற இன்னொன்றோடு கை கோக்க அதற்கு நேரம் கிடைக்கும். இரண்டு கார்பன் சேர்ந்தால் எத்திலீன். சேராமல் தனித்தனியாகப் போனால் மீத்தேன். கேட்டதும் அவர் தொடையில் தட்டினார். வியாபாரமல்லவா இது. கடைக்கு வந்தவனை இறுக்கிப் பிடித்தால் ஓடிவிடுவான், தளரவிட்டாலும் போய்விடுவான். பிடித்தும் பிடிக்காமலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தால், போகிற வழியில் பக்கத்துக் கடைக்காரனையும் கூட்டிவருவான். எந்த இடத்தில் சேரும் எந்த இடத்தில் சேராது என்றும் அவள் சொன்னாள். செம்பின் அணுக்கள் சதுரம் சதுரமாக அடுக்கியிருக்கிற இடத்தில் ஜோடி சேர்வது சுலபம். முக்கோணமாக நெருக்கி அடுக்கின இடத்தில் தனியாகத்தான் போகும். முதல் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்துக் காட்டினாள், கற்கண்டு கொட்டின மாதிரி கட்டம் கட்டமாக. "இது எப்படி அண்ணாச்சி வந்துச்சு?" என்று கேட்டாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "தொழில் ரகசியமுங் அம்மிணி" என்றார்.

ரகசியம். ஆமாம், ரகசியம்தான். மூன்றாம் நிமிஷம், நாலாம் நிமிஷம், கோடு படுத்திருக்கிறது. அன்றைக்கு நடந்ததை நினைக்கக் கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் எல்லாமே வரிசையில் வந்து நிற்கிறது. வியாழக்கிழமை. இவளுடைய தகட்டைத் தனியாகச் சின்னத் தொட்டியில் தொங்க விட்டார், இவரே, ஆட்களை நம்பாமல். கிளிப்பை மாட்டுகிற நேரத்தில் தபாலில் அந்தப் பத்திரிகை வந்தது. மயில். இருபத்திரண்டு பேர். அப்படியே போனைப் போட்டார். இடது கையில் போன், வலது கையில் கிளிப். "ஏன்டா நாச்சிமுத்து, உன்ற வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு நின்னது எவன்டா?" என்று ஆரம்பித்தது. மாட்டின கிளிப் எது எதில் போனது என்று யார் பார்த்தார்கள். முலாம் ஏற வேண்டிய தகடு மைனஸில் இருக்க வேண்டும். பிளஸில் மாட்டினால் ஏறாது, இருக்கிறதும் கரையும். எடுத்துப் பார்த்தபோது தகடு வெல்வெட் துணி மாதிரி செம்பழுப்பாக மங்கிக் கிடந்தது. தலைகீழ். ஒரு நாள் பழகினவன்கூடச் செய்யாத தப்பு. தலைகீழாக மாட்டினவனை அவர் எத்தனை பேரை என்னென்ன வார்த்தையில் திட்டியிருக்கிறார். போதாததற்கு அன்றைக்கு உப்பில்லாத பேட்டரி தண்ணீர் தீர்ந்து, தொட்டியில் உப்புத்தண்ணிதான் ஊற்றியிருந்தது, பட்டறை போர்வெல்லில் இறைக்கிற, டீ போட்டால் திரிந்துபோகிற அந்தத் தண்ணி. வாசலில் இந்தப் பெண் வந்து நிற்கிறது. மறுபடி போட நேரமில்லை. செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, கண் இமைக்காமல் சொன்னார்: "மேட் ஃபினிஷ் அம்மிணி. ஸ்பெஷலுங்." கழித்துக்கட்டின சரக்கை ஸ்பெஷல் என்று விற்காத வியாபாரி எங்கே இருக்கிறான். அந்தச் சரக்குதான் கோபுரமாக எழும்பியது. இந்த மூன்று தகட்டை அப்படியா போட்டார். புத்தம்புது மயில்துத்தம், பேட்டரி தண்ணி, கிளிப்பை மூன்று தரம் பார்த்து மாட்டினது; கண்ணாடி மாதிரி வந்த தகட்டை நைஸ் எமரித் தாளில் தேய்த்து, அதே மங்கலைக் கொண்டுவந்தார். பார்வைக்கு அச்சு அசல் அதே. அதைவிட நூறு மடங்கு நல்ல சரக்கு. கெட்டதில் வந்தது நல்லதில் வராமலா போகும்? அவருக்குத் தெரிந்த கணக்கில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. வரும்.

ஏழாம் நிமிஷம் கோடு எழும்ப ஆரம்பித்தது. எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது, திரையின் மேல் ஓரத்தை முட்டிவிட்டு இறங்கியது. பெனிட்டா நாற்காலியில் சாய்ந்தாள். "மீத்தேன். அதே கததான் அண்ணாச்சி." "இருங்க அம்மிணி, பதினாலு வரட்டுமுங்க." "மீத்தேன் இவ்வளவு வந்தா அது வராது. ஒண்ணு கூடுனா மத்தது குறையும்." "உங்க மெஷினைப் பாருங்க மொதல்ல. காத்து லீக்காகுதான்னு பாருங்க." "பாத்துட்டேன்." "குழாயில அடைப்பு இருக்கும்." "இல்ல." "கரண்டு?" "அண்ணாச்சி" என்று அவள் திரும்பினாள், "நான் காலைலருந்து எல்லாத்தையும் நாலு தடவ பாத்துட்டேன்." அவர் வாயை மூடிக்கொண்டார். முதலில் வாயைத் திறந்தது தாம்தான் என்பது கொஞ்சம் உறைத்தது. எட்டாம் நிமிஷம், ஒன்பதாம் நிமிஷம். கோடு இப்படிப் படுத்தே ஓடுவதைப் பார்த்தால் ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது மார்பில் ஒயர் ஒட்டி எடுத்த காகிதம் ஞாபகம் வருகிறது. அதில் கோடு துள்ளத் துள்ள டாக்டர் தலையாட்டினார். ஒன்றுமில்லை, ஆனால் கோபத்தைக் குறைங்க என்றார். கோபத்தைக் குறைத்தால் பட்டறை நடக்குமா. கோபம்தான் அவருக்குத் தொட்டிக்குக் கரண்டு கொடுக்கிற ரெக்டிஃபையர்; அது ஓடுகிறவரைக்கும்தான் தொட்டியில் வேலை. ஒன்றும் ஆகிவிடவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் எத்தனையோ பேரம் திரும்பியிருக்கிறது.

பத்தாம் நிமிஷத்தில் பெனிட்டா மடிக்கணினியைத் திறந்து ஏதோ தட்ட ஆரம்பித்தாள். "என்ன எழுதுறீங்க?" என்றார். "புரொபசருக்கு மெயில். முதல் ரிசல்ட்டை எடுத்துருங்கன்னு." "எடுத்துருங்கன்னா?" "தப்பா வந்த ரீடிங்னு எழுதிருதேன் அண்ணாச்சி. நான்தான் ஏதோ குளறுபடி பண்ணிருப்பேன். குடுவைய சரியா கழுவாம விட்டிருப்பேன். ஒரு தடவ வந்தது மறுபடி வரலைன்னா அது என் தப்புதான, செம்போட தப்பா?" அவள் இதை அழாமல் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. பாத்திரம் கழுவி முடித்துக் கவிழ்த்து வைக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே சொன்னாள். ஒரு வருஷம். இந்தப் பெண்ணின் ஒரு வருஷம். சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன ஆகும், பேர் போகும். தலைகீழாகக் கிளிப் மாட்டினவன் பேரை எந்தப் பத்திரிகையில் போடுவார்கள். போடாவிட்டால் போகட்டும், கணபதி முழுக்கத் தெரிந்துபோகுமே. தெரியாமல் இருந்தால் மட்டும் இப்போது பேர் நிற்கிறதா, அதுவும் இல்லை, ரிசல்ட்டே போகிறது, அதோடு சேர்ந்து பேரும் போகிறது. அப்படியானால் சொன்னாலும் நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம். சொல்லாவிட்டால் நஷ்டம் இவள் தலையிலும் சேர்ந்து விழுகிறது. தன் சரக்கின் குற்றத்துக்கு வாங்கினவன் மன்னிப்புக் கேட்கிறதை அவர் இதுவரை ரசித்துத்தான் இருக்கிறார், எத்தனையோ தடவை. இன்றைக்கு ஏனோ காதெல்லாம் சுட்டது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, ஆனால் வழக்கமான இடத்திலிருந்து, தொப்புளுக்குக் கீழேயிருந்து, கிளம்பி வந்தது. "நிறுத்துங்க அம்மிணி!" என்று கத்தினார். பக்கத்து அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. "அந்தக் கம்ப்யூட்டரை மூடுங்க மொதல்ல. யாரு தப்பு? உங்க தப்பா? உங்க மூஞ்சிக்குத் தப்புப் பண்ணத் தெரியுமா? தப்புப் பண்றதுக்கு ஒரு தெம்பு வேணுமுங்க!"

பெனிட்டா மிரண்டுபோய்ப் பார்த்தாள். அதே கோபத்தில், அதே சத்தத்தில், அவர் எல்லாவற்றையும் சொன்னார்; மெதுவாகச் சொல்ல அவருக்கு வராது. "அது மேட் ஃபினிஷும் இல்ல, ஒரு எழவும் இல்லீங்க. கிளிப்பைத் தலைகீழா மாட்டினேன். பிளஸ்ல. பேட்டரி தண்ணி தீந்துபோயி உப்புத்தண்ணி ஊத்தியிருந்துச்சு. கெட்டுப்போன தகட்டை ஸ்பெஷலுன்னு உங்க கைல கொடுத்தேன். இந்த மூணையும் ஒழுங்காப் போட்டு எமரில தேச்சுக் கொண்டாந்தேன். போதுமா? இப்ப எழுதுங்க, உங்க புரொபசருக்கு." இனித் திட்டு வரும், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று அவர் மனசு தன் பழக்கத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தது. திட்டு வரவில்லை. "உப்புத்தண்ணியா" என்றாள் அவள், எங்கேயோ பார்த்தபடி. "குளோரைடு. தலகீழ் கரண்டுல செம்பு கரைஞ்சு, உப்போட சேந்து மேல படிஞ்சு... கட்டம் கட்டமா வளந்திருக்கும். அண்ணாச்சி, அதான் அந்தச் சதுரம்!" எழுந்தே விட்டாள். "எவ்வளவு நேரம்? எவ்வளவு நேரம் தலகீழா இருந்துச்சு?" நேரமா. அதை யார் பார்த்தது. மச்சானைத் திட்டுகிறவன் கடிகாரத்தையா பார்ப்பான். பிறகு சட்டென்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நாச்சிமுத்து பேரை அழுத்தினால் போதும், தேட வேண்டியதே இல்லை. அன்றைக்குப் பேசினதுதான் கடைசி, அதற்கப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. போனில் பதிந்திருந்தது: வியாழக்கிழமை, பகல் பதினொன்று ஐந்து. பதினோரு நிமிஷம், நாற்பது வினாடி. "இந்தாங்க" என்று நீட்டினார். "திட்ட ஆரம்பிச்சப்ப மாட்டினேன், போனை வெச்சதும் வந்து அணைச்சேன்." "யாரத் திட்டுனீய?" "என்ற மச்சானை." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுநூறு வினாடி திட்டிருக்கீய." "இன்னும் பாக்கி இருக்குதுங்க. கட்டுரைல அதையெல்லாம் எழுத மாட்டீங்களே?" "எழுநூறு வினாடி எதிர்மின்சாரம்னு எழுதுவேன்." "அது போதும். கேக்க நல்லாத்தான் இருக்குது. பேரு?" "உங்க பேரு இல்லாம இத எப்படி அண்ணாச்சி அனுப்ப?" பதினாலாம் நிமிஷம் கோடு அசையாமல் தரையோடு போனது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

மணி மூன்றரை. தாமே பட்டறைக்குப் போய்ப் போட்டு எடுத்து வந்தால் நேரம் தாண்டும், மேஸ்திரி மயில்சாமியிடம் சொன்னால் போட்டுக் கொடுத்தனுப்பிவிடுவான், ஐந்துக்குள் ஒரு தகட்டையாவது ஓட்டிக் காட்டிவிடலாம். கணக்கு சரியாக விழுந்தது. அவருக்கு எல்லாமே இப்போது சரியாக விழுந்துகொண்டிருந்தது. அவள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "மயில்சாமி, சின்னத் தொட்டில உப்புத்தண்ணி ஊத்துடா. அம்மிணி தகடு ஒண்ணு மிச்சம் கிடக்கும் பாரு, அதை பிளஸ்ல மாட்டு." போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "கேக்குதா? பிளஸ்ல." "மொதலாளி, நானெல்லாம் அப்படி மாட்ட மாட்டனுங்க." "மாட்டுன்னா மாட்டுடா! பதினோரு நிமிஷம், நாப்பது செகண்டு, வாட்ச்சைப் பாத்து நிறுத்து." பிறகு மயில்சாமி, ரொம்பப் பதவிசாக, பேசுகிற வார்த்தையைக் கையில் ஏந்தி நீட்டுகிறவன் மாதிரிக் கேட்டான்: "அன்னைக்கு மாதிரிங்களா?" "என்னைக்கு மாதிரி?" "உங்க மச்சாங்கூடப் பேசுனீங்களே, அன்னைக்கு." ஆறுக்குட்டி பெனிட்டாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" "எல்லாத்துக்குந் தெரியுமுங்க." "அப்ப ஏன்டா சொல்லலை?" "நீங்க கத்தீட்டு இருந்தீங்க." முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் விலை சொல்லி, அவரால் குறைத்துக் கேட்க முடியவில்லை. மயில்சாமி விடவில்லை, ஆரம்பித்துவிட்டால் அவனும் முடிக்கிற ஆள்தான். "அப்பறம் மொதலாளி, பதினோரு நிமிஷம் இல்லீங்க. போனை வெச்சுட்டு நீங்க அப்படியே ரோட்டுப் பக்கம் போயி நின்னுட்டீங்க. அணைச்சது நானுங்க. சிலேட்டுல டைமு எழுதி வெச்சேன், பதினொண்ணு இருபத்தி நாலு. நடுவுல ஒருக்கா கிளிப்பு கழண்டு விழுந்துச்சு, அதையும் எழுதியிருக்கறனுங்க." பெனிட்டா பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். ரோட்டுப் பக்கம் நின்றதா? நின்றிருப்பார். எதிர்க்கடைத் தகரக் கூரையில் வெயில் அடித்தது மட்டும் இப்போது லேசாக ஞாபகம் வருகிறது, வேறொன்றும் வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டும், எப்போதும் சொல்லிவிடுகிற ஆள் அவர். ஸ்பீக்கரை அணைத்தார். போனை அவள் கையில் வைத்தார்.

"அம்மிணி, இவங்கிட்டயே கேளுங்க" என்றார். "அங்க என்ன நடந்துச்சுன்னு இவனுக்குத்தான் தெரியும்."